ஊக்கமருந்துச் சோதனையும் நம் பள்ளிப் பிள்ளைகளும்

(திருவண்ணாமலையில் ஆசிரியர் பயிற்சி ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை, சுருக்கமாக ‘நாடா’, பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், “அது ஒலிம்பிக் போகிறவர்கள் சமாச்சாரம் ஆயிற்றே சார்” என்றார் நண்பர் ஒருவர். நம் மாநிலத்தில் நடந்ததையே சொல்கிறேன்.

திருச்சி அருகே முடிகண்டம் கிராமத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரலில் தோகாவில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். தமிழ்நாடே கொண்டாடியது. அடுத்த மாதமே, நாண்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து சோதனையில் தெரிந்ததாகச் செய்தி வந்தது. தாம் எதையும் உட்கொள்ளவில்லை என்று அவர் மறுத்தார். 2020-ல் நான்கு ஆண்டுத் தடை உறுதியானது, பதக்கமும் போனது.

தோகாவுக்கு முன்பே, மார்ச்சில் பாட்டியாலாவில் எடுத்த மாதிரியிலும் அதே மருந்து இருந்தது. நாடா அதை உரிய நேரத்தில் சொல்லவில்லை என்று இந்திய தடகளச் சம்மேளனம் குறைபட்டுக்கொண்டது. நியாயமான குறைதான். தாமதமாக வரும் முடிவு யாரையும் காப்பாற்றாது.

நாடா 2005-ல் தொடங்கப்பட்டது. 2022-ல் தனிச் சட்டமும் வந்தது. சோதனை முறை கண்டிப்பானது. சிறுநீர் கொடுப்பதை அதே பாலினத்தைச் சேர்ந்த அலுவலர் நேரில் பார்ப்பார். ‘ஏ’, ‘பி’ என்ற இரண்டு குப்பிகளில் பிரித்து, வீரரின் கண்முன்னே மூடுவார்கள். ஆய்வகத்துக்குப் பெயர் போகாது, எண் மட்டுமே போகும். ‘ஏ’ குப்பியில் மருந்து தெரிந்தால், ‘பி’ குப்பியையும் சோதிக்கக் கேட்கலாம். 18 வயது ஆகாத பிள்ளை என்றால் பெரியவர் ஒருவர் உடன் இருக்கலாம். அந்தப் பெரியவர் பெரும்பாலும் நம் உடற்கல்வி ஆசிரியர்தான். வயது குறைந்தோருக்குத் தண்டனையில் சலுகை உண்டு; சோதனையிலிருந்து விலக்கு கிடையாது.

உடலில் என்ன இருக்கிறதோ அதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் அடிப்படை விதி. யார் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்பதெல்லாம் பிறகுதான். கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷா 2019-ல் எட்டு மாதம் தடை பெற்றது இருமல் மருந்தால். வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று ஏற்றுக்கொண்ட பிறகும் அந்தத் தடை!

நம் ஊரில் என்ன நடக்கிறது? கிரிவலப் பாதையில் விடியற்காலையில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். அதே பாதையில் “பலம் தரும்” லேகியமும் பொடியும் விற்கிறார்கள். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. இன்னொரு பக்கம், ஜிம்மில் டப்பா டப்பாவாகப் புரதப் பொடி. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, வேலை என்ற கனவோடு வரும் ஏழைப் பிள்ளையிடம் “இதைச் சாப்பிட்டால் இரண்டு வினாடி குறையும்” என்று ஒருவர் சொன்னால், அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

ஆகவே மாவட்டப் போட்டிக்குப் பிள்ளையை அழைத்துப் போகும் முன் மூன்றைக் கேளுங்கள்: என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், யார் கொடுத்தது, சீட்டு இருக்கிறதா? ஆஸ்துமா போன்ற நோய்க்குத் தடைப் பட்டியலில் உள்ள மருந்து தேவைப்பட்டால், சிகிச்சை விலக்குக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. மருத்துவரிடம் “இவள் போட்டிகளில் ஓடுகிற பிள்ளை” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்தின் பெயரைப் போட்டுப் பார்க்க ‘நோ யுவர் மெடிசின்’ என்ற செயலியை நாடா வைத்திருக்கிறது. நம் கைப்பேசியிலேயே பார்க்கலாம். தடைப் பட்டியல் ஆண்டுதோறும் ஜனவரி 1 முதல் மாறும் என்பதால், போன வருடம் பார்த்ததை நம்பி இருக்க வேண்டாம்.