பாயோடு வந்தால் போதும்

எரிநட்சத்திரம் பார்க்கப் போகிறோம் என்றால் எல்லாரும் முதலில் கேட்பது, "தொலைநோக்கி இருக்கா?" என்றுதான். வேண்டவே வேண்டாம். தொலைநோக்கி வானத்தில் நிலாவளவு ஒரு துண்டைக் காட்டும். எரிநட்சத்திரமோ எந்த மூலையில் கீறிக்கொண்டு போகும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு பாய், போர்வை, கூட நாலு பேர். அவ்வளவுதான்.

தம்மம்பட்டிப் பக்கம் பாக்குத் தோப்புக்குள் படுத்தால் வானம் தெரியாது. அதனால் கடலை பிடுங்கிப் போட்டிருந்த ஒரு மேட்டுக்காட்டுக்குப் போனோம். ஒரு பக்கம் கொல்லிமலை, மறுபக்கம் பச்சைமலை. டிசம்பர் 13, கார்த்திகைக் கடைசி. மழைக்காலம் முழுசாக ஓயவில்லை. பத்து மணி வரை மேகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேகம் விலகியதும் நாலு பேர் தலையை நடுவில் சேர்த்து, காலைத் திசைக்கொன்றாக நீட்டிப் படுத்தோம். முழு வானமும் ஒருத்தர் கண்ணுக்கு அடங்காது. பார்த்தவர் "கிழக்கே ஒண்ணு" என்று குரல் கொடுக்க, ஐந்தாமவர் நோட்டில் கோடு போடுவார். அவர் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றியிருந்தோம். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிஷமாவது ஆகும். நடுவில் ஒருத்தர் மணி பார்க்க செல்போனைத் திறந்தார். போச்சு, மறுபடி முதலிலிருந்து!

காவலுக்கு வந்த ஒரு பாட்டி, "எரிநட்சத்திரத்தப் பாத்தா உடனே பச்சை மரத்தப் பாரு கண்ணு" என்றார். மரத்தைப் பார்க்கத் திரும்பியவர் அடுத்த இரண்டைத் தவறவிட்டார்.

நாங்கள் பார்த்தது ஜெமினிட் பொழிவு. மிதுன ராசியில், நம் புனர்பூசத்துக்குப் பக்கத்திலிருந்து புறப்படுவதுபோலத் தெரியும். இப்படிப்பட்ட பொழிவுகளுக்குப் பெரும்பாலும் வால்வெள்ளிதான் காரணம். இதற்கு, 1983-இல் கண்டுபிடித்த ஃபேத்தன் என்ற சிறுகோள். புதனைவிடச் சூரியனை நெருங்கிப் போய்வருவது அது. அது உதிர்த்தவை, நம்மூர் மரச்சிற்பக்காரர் உளிக்கடியில் கிடக்கும் பொடிசுகள் மாதிரியான துகள்கள். நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் மோதி எரிகின்றன.

மணிக்கு 120 எரிநட்சத்திரம் என்று பத்திரிகையில் போடுவார்கள். அது மிதுனம் உச்சியில், கும்மிருட்டில், மாசில்லாத வானத்துக்கான கணக்கு. எங்கள் நோட்டில் ஒரு பக்கம்கூட நிறையவில்லை. ஆனாலும் விடியும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

வருகிற டிசம்பர் 13 இரவு, நிலவில்லாமல் இருந்தால் இன்னும் நல்லது, தெருவிளக்கு எட்டாத இடமாகப் பார்த்துப் படுங்கள். இரண்டு மணிவாக்கில் மிதுனம் தலைக்குமேல் வந்துவிடும். செல்போனை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.