சர்க்கரை உள்ளவர்களுக்கு எந்தச் செருப்பு?

(வட்டாரக் கூட்டமைப்புப் பொதுக்குழுவில், செருப்புத் தொழில் செய்யும் வேலூர்ப் பக்கத்துக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. மெஷின் முன்னாடி உட்கார்ந்தால் கை ஓடும், வாய் ஓடாது. தப்பு இருந்தால் பொறுத்துக்கணும்.

எங்க அம்மாவுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. 2014-ல் ஒரு நாள் களை எடுத்துவிட்டு வந்தாங்க. வீட்டுக்குள் நடந்த இடமெல்லாம் ரத்தம். நாங்கள் சொன்ன பிறகுதான் அவங்களுக்கே தெரியுது. காலையில் குத்திய கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து நின்றிருக்கிறது. சாயங்காலம் வரை அதன் மேலேயே நடந்திருக்காங்க. "வலிக்கவே இல்லையேடி" என்றாங்க. வலிக்காத புண் சின்னப் புண் என்று நினைத்து, மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டோம். இரண்டு மாதத்தில் கட்டை விரலை எடுக்கும்படி ஆகிவிட்டது.

சர்க்கரை கட்டுப்பாடில்லாமல் பல வருஷம் இருந்தால் கால் நரம்பு மரத்துப்போகும். நமக்குச் செருப்பு கடித்தால் கால் உடனே சொல்லிவிடும். நொண்டுவோம், கழற்றிப் போடுவோம். மரத்த கால் சொல்லாது. ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திக் காய்ப்பு ஏறும், அதற்கு அடியில் புண் வைக்கும். வலி பார்க்க வேண்டிய காவலைச் செருப்பு பார்க்கணும்.

இதைக் கண்டறிந்ததில் நம்ம வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. டாக்டர் பால் பிராண்ட், 1914-ல் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயால் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று அப்போது எல்லோரும் நினைத்தார்கள். அப்படியில்லை, உணர்ச்சி இல்லாததால் காயம் பட்டு, அந்தக் காயத்தோடு நடந்து நடந்துதான் கால் கெடுகிறது என்று அவர் காட்டினார். அவர்களுக்காக வந்ததுதான் எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு. 1966-ல் அவர் அமெரிக்கா போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் இதே பாடத்தைச் சொன்னார்.

எம்.சி.ஆர். என்றால் பொடிப்பொடியான காற்றுக் குமிழி உள்ள ரப்பர். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கினால் பாதிக் கனமாக அமுங்கணும், விட்டதும் எழும்பணும். இது பாதத்தின் பாரத்தை ஒரே இடத்தில் விடாமல் பரப்பிவிடும். கடையில் மெத்துமெத்தென்று ஸ்பாஞ்சு செருப்பு இருக்கே, அது போதாதா என்பீர்கள். அது கொஞ்ச நாளில் தட்டையாகிவிடும். எம்.சி.ஆரும் எழும்பாமல் போனால் மாற்றத்தான் வேண்டும். உள்ளே மெத்தை இருந்தால் மட்டும் பத்தாது, அடி அட்டை கெட்டியாக இருக்கணும். அப்போதுதான் முள் ஏறாது. முன்பாதம் ரொம்ப வளையாததால் விரலடியில் அழுத்தமும் குறையும். ஆணி அடிக்கக் கூடாது, ஒட்டித் தைக்கணும். விரலிடுக்கில் வார் வேண்டாம். குதிகாலுக்குப் பின்னால் வார் கட்டாயம், மரத்த காலில் செருப்பு நழுவினாலும் தெரியாதே!

இதைச் செய்து அம்மாவிடம் கொடுத்தேன். தூக்கி எறிஞ்சிட்டாங்க. "பெருவியாதிக்காரங்க போடுற செருப்பை எனக்குப் போடுறியா, ஊர் என்ன பேசும்?" தொழுநோய் மருந்தில் குணமாகிற நோய் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் அதே ரப்பரை வைத்து, பழுப்பு நிற வார் போட்டு, ஓரத்தில் பூத்தையல் போட்டுக் கொடுத்தேன். இப்போது கல்யாணத்துக்கும் அதுதான். வீட்டுக்குள் போட மட்டும் இன்னொரு வருஷம் ஆனது. வீட்டுக்குள்ள செருப்பா என்று பெரியவங்க கேட்பாங்க. அடுப்படியில் தெறித்த நெருப்பும் உடைந்த டம்ளரும் வீட்டுக்குள்தானே இருக்கு? உள்ளே போட தனி ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்டியைப் பற்றியும் சொல்லணும், கோபிக்காதீங்க. கால் வீங்கினால் மெட்டி விரலை அறுக்கும். மரத்த காலில் அதுவும் தெரியாது. அதைக் கழற்றி வையுங்கள்.

செருப்பை சாயங்காலம் வாங்குங்கள், கால் வீங்கியிருக்கும்போது அளவு சரியாக இருக்கும். புதுசை முதல் நாள் அரை மணி போட்டுக் கழற்றி, எங்காவது சிவந்திருக்கா என்று பாருங்கள். போடும் முன் உள்ளே கை விட்டுத் தடவுங்கள். கையும் மரத்திருந்தால் வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும். கால் ஆணியை பிளேடால் சீவவே கூடாது. புண் வந்துவிட்டால் செருப்பைத் தேட வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி போங்கள். விரல் எடுத்தவர்கள், பாதம் கோணினவர்கள் கடையில் வாங்காதீர்கள், டாக்டர் சொல்லும் அளவில் செய்யணும்.

வாசலில் தாளும் பென்சிலும் வைத்திருக்கேன். போகும்போது தாள்மேல் நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் பாதத்தை வரையச் சொல்லுங்கள். அதை வெட்டி உங்கள் செருப்புக்குள் வைத்துப் பாருங்கள். ஓரம் மடங்கினால் அந்தச் செருப்பு உங்களுக்குச் சிறிசு. எங்க அம்மாவும் அங்கேதான் உட்கார்ந்திருக்காங்க, செருப்பைக் கேட்டால் கழற்றிக் காட்டுவாங்க.