பூநாரையும் செங்கால் நாரையும்

(வட்டத்தின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெய்தல் திணையின் கருப்பொருள்கள் பற்றிப் பேசுமாறு செயலர் பணித்திருந்தார். நூல்களிலிருந்து தொகுத்த குறிப்புகளைப் படிப்பதினும், சென்ற தை மாதத்தில் நம்முள் பதினான்கு பேர் கோடியக்கரைக்குச் சென்று வந்த ஒரு நாளைப் பற்றிக் கூறுவதே தகும் என்று கருதுகிறேன். அன்று நான் செய்த பிழையொன்றும், வகுப்பறையில் பல்லாண்டுகளாகச் செய்து வந்த பிழையொன்றும் உண்டு. இரண்டையும் இம்மன்றத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கோடியக்கரை என்றதும் நமக்குக் கல்கியின் பூங்குழலிதான் நினைவுக்கு வருகிறாள். வேதாரண்யம் தாண்டும்வரை வண்டியில் அவளைப் பற்றியே பேச்சு. வெளிமான்களைக் காக்கவே 1967இல் அங்குச் சரணாலயம் அமைந்தது என்பதோ, 2002இல் அந்த ஈரநிலம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது என்பதோ எங்களுள் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையேறியபோது மரங்கள் பெருமளவில் சாய்ந்தன, மான்களும் மாண்டன.

எங்களுக்கு வழிகாட்டியவர் அவ்வூர்க்காரர். ஐம்பது வயதைக் கடந்தவர். உள்ளே புகுமுன் எங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். நம் கவிஞர் ஒருவர் போர்த்தியிருந்த சிவப்புச் சால்வையை மடித்துப் பைக்குள் வைக்கச் சொன்னார். பொன்னாடைக்கே பழகிய தோள். கவிஞருக்குச் சற்று வருத்தந்தான். குரங்குக்கு வாழைப்பழம் நீட்டிய கையையும் அவர் தடுத்துவிட்டார். உரக்கப் பேசக்கூடாது, கரையை விட்டு இறங்கக்கூடாது என்றார். பேச்சையே தொழிலாகக் கொண்ட பதினான்கு பேர் வாய் மூடி நடந்த காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

சதுப்பின் ஓரத்தில், வெகு தொலைவில், வெளிறிய இளஞ்சிவப்பாய் ஒரு கோடு தெரிந்தது. தொலைநோக்கி வழியே பார்த்தால் அத்தனையும் பூநாரைகள்! நீண்ட சிவந்த கால்கள். என்னுள் இருந்த ஆசிரியை விழித்துக்கொண்டாள். சத்திமுத்தப் புலவர் தூது விட்ட செங்கால் நாரை இதுவே என்றும், அதன் அலகுக்குத்தான் அவர் பனங்கிழங்கை உவமை கூறினார் என்றும் நண்பர்களுக்குத் தாழ்ந்த குரலில் விளக்கத் தொடங்கினேன்.

வழிகாட்டி கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, "இதுக்கு மூக்கு வளைஞ்சில்ல இருக்கும்மா, பனங்கிழங்கு நேராத்தானே இருக்கும்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. முனைவர் பட்டம் பெற்றவள் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வாளா? அலகை அருகிலிருந்து பார்த்துவிடுவது, மாணவியருக்காக ஒரு படமும் எடுத்துவிடுவது என்று கரையை விட்டுச் சேற்றில் இறங்கிவிட்டேன். "வேணாம்மா, தலைய தூக்கிடுச்சு பாருங்க" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. விழுந்தும் இன்னும் சில அடிகள் வைத்தேன். மேய்ந்துகொண்டிருந்தவை யாவும் கழுத்தை நிமிர்த்தின. ஒரே பக்கமாக நடந்தன. நீரின்மேல் ஓடி எழும்பின. சிறகு விரிந்தபோது உள்ளிருந்த சிவப்பும் கருமையும் வானில் பரவின. நண்பர்கள் சிலர் தம்மை மறந்து கைதட்டினர்.

"பறக்கறது அழகுதாம்மா. ஆனா அது பயந்துல்ல பறக்குது" என்றார் அவர். வேறு கடிந்துரை இல்லை.

அதன்பின் அவர் பொறுமையாக எடுத்துரைத்தார். பூநாரை தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்று நீரை அரித்து, நுண்ணிய பாசியையும் சிற்றுயிர்களையும் உண்பது. அந்த உணவே அதன் நிறத்துக்கும் காரணம். ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் உண்ணும் நேரம் போகிறது. உண்டதன் வலிமையும் போகிறது. அருகே சேற்றைக் கொத்திக்கொண்டிருந்த கொசு உள்ளானைக் காட்டினார். முப்பது கிராமும் தேறாத அந்தப் பறவை வடதுருவத்தை ஒட்டிய நிலங்களிலிருந்து வருவது. திரும்பிச் செல்வதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் அது சேர்க்க வேண்டும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகளாக இங்குப் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராய்வதையும் அவர் வாயிலாகவே அறிந்தேன்.

பனங்கிழங்கு விடயத்திலும் அவர் கூறியதே சரி. வெண்ணிற உடலும், கரிய சிறகும், சிவந்த காலும், நேரான சிவந்த அலகும் உடைய நாரை வேறு. ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் கூடு கட்டிக் குளிர்காலத்தில் இந்தியா வருவது அது. புலவர் பாடியது அதையே என்று கொள்வதுதான் உவமைக்குப் பொருந்தும். நானோ பூநாரைப் படத்தைக் காட்டியே அப்பாடலை இத்தனை ஆண்டுகளும் நடத்தி வந்திருக்கிறேன்! உவமையை நயம் பாராட்டத் தெரிந்த எனக்கு, அதைப் பறவையின்மேல் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மாலையில் புல்வெளியில் வெளிமான்களைக் கண்டோம். ஆண்மான் கருத்து, முறுக்கிய கொம்புடன் நின்றது. கொம்பில்லாத பெண்மான்கள் பழுப்பு நிறம். எவரும் வண்டியை விட்டு இறங்கவில்லை. யாரும் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. மானும் எங்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்தது. நெடுநேரம் பார்த்திருந்தோம்.

திரும்பியதும் வகுப்பில் அந்தப் படத்தை மாற்றினேன். காரணத்தையும் மாணவியரிடம் கூறினேன், நன்றாகச் சிரித்தார்கள்.

அடுத்த பயணத்துக்குப் பத்துப் பேர் போதும் என்பது என் கருத்து. அதே வழிகாட்டியை அமர்த்தி, அவருக்குரிய தொகையை வட்டமே வழங்க வேண்டும். பெயர் தர விரும்புவோர் செயலரிடம் தெரிவிக்கலாம். சிவப்புச் சால்வையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.