புயல் எச்சரிக்கையும் ஊர் ஆயத்தமும்



மரக்காணத்துக் கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கு ஐப்பசி பிறந்தால் இரண்டு வேலைகள் உண்டு. அம்பாரமாகக் குவித்துள்ள உப்பைக் கீற்றாலும் தார்ப்பாயாலும் மூடிவைப்பது ஒன்று. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்ற சொல் செய்தியில் வருகிறதா என்று காது கொடுத்திருப்பது மற்றொன்று. மழை பெய்தால் பாத்தி கரையும். காற்று வீசினால் கூரை போகும். அந்தப் பக்கத்திலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும், பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். புயலைப் பற்றி விஞ்ஞானிகள் பேச நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான் பேச வந்திருப்பது ஒரு பூட்டையும் அதன் சாவியையும் பற்றி.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் இரவு. 'தானே' என்று பெயரிடப்பட்ட புயல் நம் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. மறுநாட் காலையில் அது புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்ததையும், முந்திரித் தோப்புகளையும் பலாத் தோட்டங்களையும் வேரோடு சாய்த்ததையும் அறிவீர்கள். எங்கள் பக்கத்திலும் காற்று இரவெல்லாம் இரைந்தது. குப்பத்திலிருந்தும் உப்பளத் தொழிலாளர் குடிசைகளிலிருந்தும் அறுபது பேருக்குக் குறையாமல் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தார்கள். அவ்வூரில் உறுதியான காரைக் கட்டடம் அது ஒன்றே. ஆனால் அரையாண்டு விடுமுறை. பள்ளி பூட்டிக் கிடந்தது. ஒரு சாவி காவலரிடம் இருந்தது; அவர் மாமனார் ஊருக்குப் போயிருந்தார். மற்றொரு சாவி திண்டிவனத்தில், என் வீட்டு அலமாரியில் இருந்தது. தொலைபேசியும் அடங்கிவிட்டது. ஒரு மணி நேரம் மழையில் நின்றபின் யாரோ கடப்பாரை கொண்டுவந்து பூட்டை உடைத்தார்கள்.

நான்கு நாள் கழித்து நான் சென்றபோது, என் மாணவன் ஒருவனுடைய பாட்டியார் குளிர்சுரத்தில் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் கடிந்து பேசவில்லை. "ஏன் வாத்தியாரே, புயல் வரப்போவுதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார்.

தெரியும். இரண்டு நாள்களாகவே வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. வானிலைத் துறை தன் கடமையைச் செய்துவிட்டது. தவறு என் அலமாரியில் இருந்தது.

முன்னறிவிப்பில் நம் நாடு அடைந்துள்ள முன்னேற்றம் சிறிதன்று. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தபோது புயலைக் கண்டறியும் ரேடார் நம் கரையில் இல்லை. சென்னையில் 1973இல் ஒன்று வந்தது. 2002இல் டாப்ளர் ரேடார் வந்தது. இப்போது காரைக்காலிலும் ஒன்று உண்டு. புயல் உருவாகுமுன்னரே ஒரு முற்குறிப்பும், கரை கடப்பதற்கு 48 மணி நேரம், 24 மணி நேரம், 12 மணி நேரம் முன்பாக அடுத்தடுத்த எச்சரிக்கைகளும் வருகின்றன. ஒடிசாவில் 1999ஆம் ஆண்டுப் புயலில் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டார்கள். அதே மாநிலத்தை 2013இல் 'பைலின்' என்னும் கடும்புயல் தாக்கியபோது சுமார் பத்து லட்சம் மக்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள்; இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. இடையிலிருந்த பதினான்கு ஆண்டுகளில் அங்கே புகலிடங்கள் கட்டப்பட்டன. இன்ன வீட்டாரை இன்னார் அழைத்து வருவது என்று ஊர்தோறும் வகுத்தும் வைத்தார்கள். பின்னது இல்லையேல் முன்னது வெறுங் கட்டடமே.

வங்க தேசத்தாரும் இதை அறிந்தவர்கள். 1970ஆம் ஆண்டுப் புயலில் அங்கே மூன்று லட்சம் பேருக்கு மேல் மடிந்தார்கள் என்பர். அதன் பின்னர், 1972இல், அவர்கள் ஒரு தொண்டர் படையை அமைத்தார்கள். கையில் ஒலிபெருக்கியும் கொடியும் ஏந்தித் தெருத் தெருவாகப் போவதே அவர்கள் பணி. செல்வம் மிக்க நாடன்று அது.

நமக்கு அருகிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது நம் நாட்டில் அதற்கெனத் தனி எச்சரிக்கை நிலையம் கிடையாது. ஐதராபாத்தில் அது 2007இல்தான் தொடங்கிற்று. ஆயினும் புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்னும் மீனவ ஊரார் தப்பினார்கள். சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்து வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்தார். அங்கே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த கிராம அறிவு மையம் ஒன்று இருந்தது. அலையின் உயரம், காற்றின் போக்கு முதலியவற்றை மீனவர்க்கு அறிவிக்கும் ஒலிபெருக்கி அதில் உண்டு. அம்மையத்தின் கதவை உடைத்து உட்புகுந்து, ஒலிபெருக்கி வழியே ஊரை எச்சரித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் உயிர் பிழைத்தனர். நாள்தோறும் கேட்டுப் பழகிய கருவியாதலால் அதன் குரலைச் சந்தேகிப்பார் இல்லை. இதைப் படித்தபோது என் மனம் அந்தக் கதவிலேயே நின்றுவிட்டது. அங்கும் பூட்டு! அங்கும் உடைக்கத்தான் வேண்டியிருந்தது.

தானே புயலுக்குப் பின் நாங்கள் செய்தது பெரிய காரியமன்று. பள்ளிச் சாவியை மூன்றாக்கினோம். ஒன்று தலைமையாசிரியரிடம், ஒன்று பள்ளிக்கு எதிர் வீட்டில், ஒன்று அந்தப் பாட்டியாரின் பேரன் வைத்திருக்கும் தேநீர்க் கடையில். பின்னர் ஒரு நாற்பது பக்க நோட்டில் தெருவாரியாக எழுதினோம்: நடக்க இயலாதவர் யார், கருவுற்றவர் யார், கண் தெரியாதவர் யார், அவரை அழைத்து வரும் பொறுப்பு யாருடையது. எழுதியவர்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள். பிள்ளைகள் கேட்டால் பெரியவர்கள் மறைப்பதில்லை.

2020 நவம்பரில் 'நிவர்' புயல் புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்துக்கு அருகே கரை கடந்தது. அப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பிற்பகல் நான்கு மணிக்கே பள்ளி திறந்திருந்தது என்று கேட்டு மகிழ்ந்தேன். ஆனால் நோட்டு பழையது. அதிலிருந்த இருவர் காலமாகிவிட்டனர். பிறந்து பத்து நாளே ஆன குழந்தையும் அதன் தாயும் அதில் இல்லை. அண்டை வீட்டார் நினைவு வைத்து அழைத்து வந்ததால் தீங்கு நேரவில்லை.

2024 நவம்பர் இறுதியில் வந்த 'ஃபெஞ்சல்' எங்களுக்கு வேறொரு பாடம் வைத்திருந்தது. நாங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் முதுகுப்புறமாக வந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. பக்கிங்காம் கால்வாய் முடிவது மரக்காணத்தில். கழுவெளி நீர் கடலோடு கலப்பதும் இப்பகுதியில்தான். உப்பளங்கள் மூழ்கி ஒரே நீர்ப்பரப்பாயின. மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று எச்சரிக்கை கூறிற்று. அது சரியே. உப்பளத்து அப்பால் குடியிருப்பவர் எங்கே செல்வது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. எங்கள் நோட்டிலும் இல்லை. கடற்கரைத் தெருக்களை மட்டுமே எழுதியிருந்தோம்.

2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட ஆட்சியருக்கு மட்டுமன்றி உள்ளாட்சி அமைப்புகளுக்கும் கடமை வகுத்திருக்கிறது. பணியாளருக்குப் பயிற்சி தருவதும், கருவிகளை எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருப்பதும் அவற்றுள் அடங்கும். கைப்பேசியில் எச்சரிக்கை வருகிறது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண் இருக்கிறது. நன்றே. ஆனால் மின்சாரம் போனபின் கைப்பேசிக் கோபுரம் எத்தனை நேரம் உயிரோடிருக்கும்? பேட்டரியில் பாடும் சிறிய வானொலிப் பெட்டி வீட்டுக்கொன்று இருக்கட்டும் என்கிறேன். வானொலியில் பேசுவதால் சொல்லும் முகமன் அன்று இது.

என் வேண்டுகோள் ஒன்றுதான். ஆண்டுதோறும் அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு அதுவே வாயில். வரவு செலவு படிக்கும் அந்தக் கூட்டத்தில் இந்தப் பட்டியலையும் உரக்கப் படிக்கலாம். புகலிடத்தின் சாவி யாரிடம், மின்னாக்கிக்கு எண்ணெய் இருக்கிறதா, படகு எங்கே, உப்பளத்துக்கு அப்பாலுள்ளவரை யார் கூப்பிடுவது என்பதெல்லாம் அதில் வரட்டும். பெயரைச் சொல்லிப் படித்தால், அவர் அங்கேயே எழுந்து, "நான் அந்த வாரம் ஊரில் இருக்கமாட்டேன்" என்று சொல்லிவிடுவார். அதைப் புயலன்று அறிவதைவிட அன்றே அறிவது நல்லதன்றோ?

சென்ற ஐப்பசியில் தேநீர்க் கடைக்குப் போயிருந்தேன். மூன்றாவது சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருந்தான் பேரன். பெருமையோடு எடுத்துக்கொண்டு இருவரும் பள்ளிக்குப் போனோம். சாவி நுழையவில்லை. கோடை விடுமுறையில் பூட்டை மாற்றியிருந்தார்கள். அன்று மாலையே புதிய பூட்டுக்கு இன்னொரு சாவி வெட்டிவந்து அதே ஆணியில் மாட்டினோம்.