கப்பலில் உல்லாசப் பயணம்: மூத்தோர் கவனிக்க வேண்டியவை

(நம் சங்கத்தின் மும்பை மூத்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கப்பல் என்றால் நம் பெரியவர்களுக்கு ஒரு காலத்தில் பெரிய தயக்கம் இருந்தது. கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17-ஆம் தேதி சென்னையிலிருந்து 'நெவாசா' கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். சமுத்திரம் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடும் தாயாரின் சம்மதமும் அவருக்கு முதலில் தடையாக இருந்தன. போன இடத்தில் சைவச் சாப்பாட்டுக்குப் பட்ட கஷ்டமும் நாம் அறிந்ததே. இன்று நிலைமை தலைகீழ். அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளை, "அப்பா, அம்மா! உங்களுக்கு குரூஸ் புக் பண்ணிவிட்டேன்" என்று போனில் சொல்கிறான். டிக்கெட் வந்துவிடுகிறது. யோசனைதான் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

மும்பை பல்லார்ட் பியரிலிருந்தும், சிங்கப்பூரிலிருந்தும், அமெரிக்காவின் ஸியாட்டிலிலிருந்தும் நானும் என் மனைவியும் கப்பலில் போய் வந்திருக்கிறோம். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்ட ஒரு விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுவில் யார் மிகவும் மெதுவாக நடக்கிறாரோ, அவரை வைத்தே பயணத்தைத் திட்டமிட வேண்டும். விலையையோ விளம்பரப் படத்தையோ வைத்து அல்ல. இனி நான் சொல்லப்போவதெல்லாம் இதன் விளக்கம்தான்.

முதலில், எந்தக் கப்பல்? சிங்கப்பூரிலிருந்து போகும் பெரிய கப்பல்களில் பல 300 மீட்டருக்கு மேல் நீளம். அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்த் திரும்புவதே ஒரு நடைப்பயிற்சி. மும்பையிலிருந்து 2021-இல் ஓடத் தொடங்கிய கார்டீலியாவின் 'எம்பிரஸ்' சுமார் 210 மீட்டர்தான். முதல் தடவை போகிறவர்கள் இப்படி ஒரு சிறிய கப்பலில் இரண்டு மூன்று இரவு போய்ப் பார்ப்பது நல்லது. கடல் நமக்கு ஒத்துக்கொள்கிறதா என்பது சொற்பச் செலவில் தெரிந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிப்பாக இருக்கும். அந்த மாதங்களைத் தவிருங்கள்.

தேதி பார்க்கும்போது பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிரார்த்தத் திதி, அமாவாசை இவற்றைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்தால், பிறகு பணத்தையும் இழந்து மனத்தாங்கலும் பட வேண்டியதில்லை.

கரை இறங்கும் இடங்களையும் கேளுங்கள். எல்லா ஊரிலும் கப்பல் துறைமுகத்தை ஒட்டி நிற்காது. லட்சத்தீவுகளில் கப்பல் நடுக்கடலில் நிற்கும். சிறு படகில் மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். கிரேக்க நாட்டின் சாண்டோரினியிலும் அப்படியே. அங்கே படகிலிருந்து இறங்கிய பிறகு மேலே ஊருக்குப் போக கேபிள் கார் வரிசையில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சுமார் 600 படிகள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது பதிவு செய்யும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, ஆவணங்கள். பாஸ்போர்ட் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். நம்மவர்களுக்கே உரிய சங்கடம் இன்ஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும். டிக்கெட்டில் ஒரே ஓர் எழுத்து இருக்கும். சிலருக்குக் குடும்பப் பெயர் என்ற இடமே காலியாக இருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது பலர் திண்டாடினார்கள். ஆகவே பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துப் பிசகாமல், டிக்கெட்டிலும் விசாவிலும் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

விசா விஷயத்தில் கப்பலுக்கு ஒரு தனி நுணுக்கம் உண்டு. ஸியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகும் கப்பல் அமெரிக்காவிலேயே சுற்றுகிறது, அமெரிக்க விசா போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்நியக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் புறப்பட்டு அங்கேயே திரும்புவதானால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும் என்று 1886-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் அந்தக் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் நிற்கின்றன. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் நமக்குக் கனடா விசாவும் வேண்டும். பல முறை நுழையும் அமெரிக்க விசாவும் வேண்டும். ஐரோப்பாவிலும் இதே கதை. கிரேக்கத்தில் ஏறி, துருக்கியைத் தொட்டு, மறுபடி கிரேக்கம் வந்தால், ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசா போதாது. விசா சரியில்லாதவரைக் கப்பலில் ஏற்றவே மாட்டார்கள்; பணமும் திரும்பி வராது.

பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். விளம்பரத்தில் பார்க்கும் தொகை பெரும்பாலும் அறை, சாப்பாடு, கலைநிகழ்ச்சி இவற்றுக்குத்தான். துறைமுக வரி, ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று பல கப்பல்களில் தானாகவே கணக்கில் ஏறும் டிப்ஸ், வைஃபை, கரையில் சுற்றிக்காட்டும் கட்டணம் எல்லாம் தனி. மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒப்பிடுங்கள். இந்தியாவில் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கினால் 2020 அக்டோபர் முதல் டி.சி.எஸ். என்று ஒரு வரி வசூலிக்கிறார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமானவரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். வரி கட்ட வேண்டியதில்லை என்றால் திரும்பப் பெறலாம். ஆனால் அதற்குக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பென்ஷன் மட்டும் வருகிறது என்று தாக்கல் செய்யாமல் இருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. லிஃப்டுக்குப் பக்கமா என்றும் கேளுங்கள். வீல்சேர் தேவைப்படும் என்றால் பதிவின்போதே எழுதிக் கொடுங்கள்.

சாப்பாடு! எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். வெளிநாட்டுக் கப்பலில் 'வெஜிடேரியன்' என்றால் முட்டை சேர்ந்திருக்கலாம். சூப்பில் மீன் சாஸ் இருக்கலாம். பதிவின்போதே 'இந்திய சைவம், முட்டை கூடாது' என்று குறிப்பிடச் சொல்லுங்கள்; வெங்காயம், பூண்டு வேண்டாதவர்கள் 'ஜெயின்' என்று கேட்கலாம். முதல் நாள் இரவே உணவுக்கூடத்துத் தலைமைப் பரிசாரகரைப் பார்த்துச் சொல்லிவிட்டால், மறுநாளிலிருந்து தனியாகச் செய்து தருவார். எங்களுக்கு மூன்று கப்பலிலும் சாதமும் தயிரும் கிடைத்தன.

ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதையும் எடுத்துப் போகாதீர்கள். தீ அபாயம் கருதிப் பறிமுதல் செய்துவிடுவார்கள். விளக்கு, ஊதுபத்தி, கற்பூரமும் அறையில் ஏற்றக்கூடாது. சந்தியாவந்தனத்துக்கு ஒரு தடையும் இல்லை. கப்பல் திசை மாறிக்கொண்டே இருக்கும். அது போகும் பாதை பெரும்பாலும் அறை டி.வி.யில் தெரியும், கிழக்கைக் கண்டுகொள்ளலாம்.

இப்போது மிக முக்கியமான விஷயம், உடம்பு. கப்பலில் டாக்டர் உண்டு, சிறிய மருத்துவ மனையும் உண்டு. ஆனால் கட்டணம் கார்டில் நாமே கட்ட வேண்டும், பெரும்பாலும் டாலரில். நிலைமை மோசமானால் கரையில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவு ஆயுட்காலச் சேமிப்பையே கரைத்துவிடக்கூடியது. எனவே இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஏறாதீர்கள். பாலிசியில் மூன்றைப் பாருங்கள்: கப்பல் பயணம் அடங்குமா, ஏற்கெனவே உள்ள வியாதிக்கு உண்டா, அவசர மாற்றச் செலவு உண்டா? பி.பி., சர்க்கரை, ஸ்டென்ட் எதையும் மறைக்காதீர்கள். மறைத்தால் உங்கள் க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

மருந்துகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டி அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். மருந்தின் மூலப்பெயர் எழுதிய டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். கப்பலில் வயிற்றுப்போக்குக் கிருமி சுலபமாகப் பரவும். சானிடைசர் அதற்குப் போதாது; சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ஏறியவுடன் அபாய ஒத்திகைக்கு அழைப்பார்கள். களைப்பாக இருக்கிறது என்று அறையில் படுத்துவிடாதீர்கள். 2012 ஜனவரி 13-ஆம் தேதி 'கோஸ்டா கான்கார்டியா' இத்தாலியக் கரையில் பாறையில் மோதியது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறியவர்களுக்கு ஒத்திகை அதுவரை நடக்கவில்லை. அதற்குப் பிறகுதான் புறப்படும்போதே ஒத்திகை நடத்த வேண்டும் என்று விதி மாறியது. எந்தப் படிக்கட்டில் இறங்கி எங்கே கூட வேண்டும் என்பதைத் தம்பதிகள் இருவருமே தெரிந்துகொள்ள வேண்டும்.

கப்பல் புறப்படும் ஊருக்கு ஒரு நாள் முன்பே போய்ச் சேருங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. நடுவில் கரை இறங்கும்போதும் கப்பல் நேரப்படி திரும்ப வேண்டும். உள்ளூர் நேரம் மாறியிருக்கலாம், கைப்பேசி தானாக மாற்றிக் காட்டும். கடலில் அதை விமானப் பயன்முறையில் வையுங்கள். இல்லாவிட்டால் செயற்கைக்கோள் கட்டணம் ஏறிவிடும்.

கடைசியாக, தனியாக இருக்கும் மாமிகளுக்கும் மாமாக்களுக்கும் ஒரு வார்த்தை. கப்பலில் இருவருக்கான அறையில் ஒருவர் தங்கினால், பெரும்பாலும் ஏறக்குறைய இருவர் கட்டணம் கேட்பார்கள். துணை போன பிறகு இனி நமக்கென்ன பயணம் என்று ஒதுங்கிவிடுகிறவர்களை நம் சங்கத்திலேயே பார்க்கிறேன். இரண்டு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்தால் செலவும் பாதி, துணையும் ஆயிற்று. ஆனால் குறட்டை, தூங்கும் நேரம், பூஜை நேரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் அன்பாக டிக்கெட் எடுத்துத் தருகிறார்கள், சந்தோஷம். ஆனால் பணம் கட்டும் முன்பே, "என்னால் இவ்வளவு தூரம் நடக்க முடியும், இத்தனை நாள் தாங்கும், இந்த மருந்து வேண்டும்" என்று அவர்களிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அது குறையைச் சொல்வது ஆகாது. நம் சௌகரியம் நமக்குத்தானே தெரியும்? கால் நடக்கும்போதே போய் வாருங்கள்.

சேர்ந்து போக விருப்பமுள்ள தனி உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், ஒரே மாதிரி வசதி தேடுகிறவர்களை நானே அறிமுகப்படுத்தி வைக்கிறேன்.