கூரையும் பங்காளிகளும்

வெயிலுக்கு நம் திருவண்ணாமலையிற் குறைவில்லை. அவ்வெயிலை வீட்டிலே மின்சாரமாக்கிக்கொள்வார்க்கு, 2024-ஆம் ஆண்டு தொடங்கிய ‘பி.எம். சூர்ய கர்’ திட்டத்தால் மத்திய சர்க்கார் மானியம் அளிப்பாராயினர்: 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலுமாயின் 78,000 ரூபாய். தகடுகளைப் பொருத்திய பின்னரே அப்பணம் கைவரும். முதலுக்கு வங்கிக் கடனுண்டு. ஆயினும் வீடும் மின்னிணைப்பும் விண்ணப்பிப்பார்க்கு உரியனவாதல் வேண்டும். இடர் இங்கேதான். எம் வீட்டு இணைப்பு இன்னும் காலஞ்சென்ற பாட்டனார் பெயரிலேயே உளது. அவர் விண்ணப்பமிடுவது எங்ஙனம்? பங்காளிகள் நால்வர்; தம்முட் பேசிக்கொள்வார் இருவரே. (அவ்விருவரும் கூரையைப் பற்றிப் பேசார்!) வாடகைக் குடியினர்க்கோ கூரையே இல்லை. 2026-27 நிதியாண்டு வரைக்குமே இத்திட்டம் வகுக்கப்பெற்றது. ஆதலின், கலியாண வழக்குகளைத் தீர்க்கும் நம் சங்கத்தார், இப்பெயர்மாற்ற வழக்குகளையும் உடனே கையேற்குமாறு வேண்டுகின்றோம். முதல் மனு எம்முடையதே.