நூலகருக்கும் தகுதிச் சான்று வேண்டும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது சங்கத்தின் வாசகசாலையைப் புதுப்பிக்க வேண்டுமென்று தீர்மானித்து, அலமாரிகளுக்கும் நாற்காலிகளுக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டோம். அவற்றினும் முதன்மையானதொரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அங்கே அமரப்போகிறவர் யார்? அவருக்கு வேண்டிய தகுதி யாது? இது குறித்தே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

மருந்து கொடுப்பவர் வைத்தியக் கல்வி பயின்றிருத்தல் வேண்டும் என்கிறோம். நியாயஸ்தலத்தில் வாதாடுபவர் சன்னது பெற்றிருத்தல் வேண்டும் என்கிறோம். நூல்நிலையத்தைக் காப்பவருக்கு மட்டும் திறவுகோலைப் பத்திரமாக வைத்திருக்கும் குணமே போதுமென்று எண்ணுகிறோம். இவ்வெண்ணம் பிழையென்பதற்கு நம் நாட்டிலேயே தக்க சான்று உண்டு.

சீகாழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். அரங்கநாதனார் சென்னை இராஜதானிக் கல்லூரியில் கணிதம் போதித்தவர். 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் நூலகராக நியமனம் பெற்றார். கணிதத்தில் வல்லவராயினும் அப்புதிய வேலை அவருக்குச் சலிப்பையே தந்தது. கல்லூரிக்கே திரும்ப விரும்பினார். பின்னர் அவ்வாண்டிலேயே இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று, 1925-இல் மீண்டார். மீண்டபின் தம் வாழ்நாள் முழுவதையும் அத்தொழிலுக்கே அர்ப்பணித்தார். அத்துணைக் கல்வியுடையாருக்கே தனிப்பயிற்சி இன்றியமையாததாயிற்று எனின், மற்றையோரைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

பரோடா சமஸ்தானத்தில் 1911-லேயே பயிற்சி வகுப்பு நடந்தது. சென்னையில் 1928-இல் தோன்றிய நூலகச் சங்கம் 1929-இல் வகுப்பு தொடங்கியது; 1931-இல் சர்வகலாசாலை அதனை ஏற்றுக்கொண்டது. இன்று பள்ளிக் கல்வி முடித்தோர்க்குச் சில மாதச் சான்றிதழ்ப் பயிற்சியும், பட்டம் பெற்றோர்க்கு நூலக விஞ்ஞானத்தில் இளநிலை, முதுநிலைப் பட்டங்களும் உள்ளன.

அங்கே கற்பது யாது? ஓர் உதாரணம் கூறுவோம். நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றி ஒரு நூல் வருகிறது. அதை உழவுத் தொழிலோடு வைப்பதா, பூச்சியினங்களோடு வைப்பதா? ஓரிடத்தில்தான் வைக்க இயலும். ஆயினும் எவ்வழியாகத் தேடி வருபவரும் அதைக் காணுமாறு அட்டவணை அமைக்க வேண்டும். இந்த முறை தெரியாதார் கையில் ஆயிரம் நூல்கள் இருந்தும் பயனில்லை; நெற்குதிர் நிறைந்திருக்க, வீட்டார் பட்டினி கிடப்பதையே ஒக்கும்.

நூலின் பெயரறிந்து வரும் கற்றோர் எப்படியேனும் தேடிக்கொள்வர். தன் குடும்பத்தில் முதன்முதல் பள்ளி கண்ட பெண்ணொருத்தி, உத்தியோகப் பரீட்சைக்கு எதைப் படிப்பது என்றும் அறியாமல், கூச்சத்தோடு வாயிலில் நிற்கிறாள். அவள் கேட்க அறியாததையும் உணர்ந்து, உரிய நூலை எடுத்துக் கொடுப்பவர் வேண்டும். தகுதிச் சான்று என்பது நூலகரின் பெருமைக்காக ஏற்பட்டதன்று. அப்பெண்ணின் பாதுகாப்புக்காக ஏற்பட்டது.

மற்றொரு காரணமும் உண்டு. 1948-இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி, வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. பொதுமக்கள் பணத்தால் நடக்கும் பதவிக்குச் சிபாரிசு தகுதியாகாது. இதனை நம் சங்கத்திற்கும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். “நம்மவர் பிள்ளை, சும்மா இருக்கிறான், வாசகசாலையில் உட்காரட்டும்” என்பது கருணை போலத் தோன்றும். அந்த ஒருவனுக்குக் காட்டும் கருணை, அங்கு வரும் நூறு பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு அன்றோ?

“சான்றிதழ் பெற்றவரெல்லாம் வல்லவரோ? பயிற்சியின்றியே அன்போடு நூல்நிலையம் நடத்திய பெரியோர் இலரோ?” எனச் சிலர் கேட்கலாம். மெய்தான். சான்று ஆர்வத்தைத் தராது. ஆயினும் ஆர்வமுடையார் பயிற்சியும் பெறுவராயின் அவர் தொண்டு இருமடங்காகும். அச்சான்றும் ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டுவதாக இருத்தல் ஆகாது. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில், 2010 முதல் சான்று பெறும் பொது நூலகர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 60 மணி நேர மேற்பயிற்சி பெற்றாக வேண்டும். அறிவு வளர வளர, அதனைக் காப்பவரும் வளர்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து.

ஆதலின் சங்கத்தாருக்கு நாம் மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கிறோம். நமது வாசகசாலைக்குப் பயிற்சிச் சான்று உடையவரையே, அவர் எக்குலத்தவராயினும், நியமித்தல் வேண்டும். இதுகாறும் ஊதியம் கருதாது அங்கே உழைத்து வருவோரை நீக்காமல், சங்கச் செலவிலேயே அவர்களைப் பயிற்சிக்கு அனுப்புதல் வேண்டும். வைத்தியத்திற்கும் பொறியியலுக்கும் மட்டுமே வழங்கிவரும் உபகாரச் சம்பளத்தை நூலகக் கல்விக்கும் நீட்டுதல் வேண்டும்.

நம் முன்னோர் சாலைதோறும் தண்ணீர்ப்பந்தல் வைத்தனர். பந்தல் மட்டும் போட்டுவிட்டு அவர்கள் அமைந்துவிடவில்லை; மொண்டு கொடுக்கத் தக்கவரையும் அமர்த்தினர். அவ்வழியில் வந்த நாமும் அறிவுப்பந்தலுக்கு அவ்வாறே செய்வோமாக.